மாத்திரை இல்லாத வாரம்

மணி அடித்தாயிற்று. கேள்வித்தாள் கொடுத்தாயிற்று, ஹால் டிக்கெட்டில் இருக்கும் போட்டோவையும் எதிரில் இருக்கும் முகத்தையும் ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி மதியம் வரைக்கும் எனக்கு வேலை என்று ஒன்றுமில்லை, விழித்திருப்பதைத் தவிர. படிக்கக் கூடாது, போன் கூடாது, வராந்தாவில் நின்று பக்கத்து ஹால்காரரோடு பேசக் கூடாது, நாற்காலியில் ரொம்ப நேரம் உட்காரவும் கூடாது என்று காலையில் தேர்வுக்குப் பொறுப்பான சீஃப் சொன்னார். நடக்கலாம். நடக்கிறேன். செருப்புச் சத்தம் கேட்காமல் நடப்பது இத்தனை வருஷத்தில் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியில் வேறு யாருமில்லை, தொலைநிலைக் கல்விக்காரர்கள் மட்டும்தான், நரைத்த மீசைகள், இடுப்பில் சாவிக்கொத்துச் செருகிய பெண்கள், யூனிபார்ம் சட்டைக்கு மேல் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கும் ஒரு செக்யூரிட்டி. என் மாணவர்கள் இப்படிக் குனிந்து எழுதிப் பார்த்ததில்லை. வெளியே காற்று. உடுமலையில் ஆனி பிறந்தால் காற்றுதான், பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிளம்பி வந்து, தென்னைகளை ஒரு பக்கமாகச் சாய்த்து, மைதானத்து மண்ணை அள்ளி ஜன்னல் வழியே உள்ளே போடுகிறது. அந்த மண்ணில் என்னென்ன இருக்கிறதோ, பார்த்தீனியப் பூ உதிர்த்த மாவு, மில் பஞ்சு, காய்ந்த சாணம், எல்லாம் என் மூக்குக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் எங்கோ ஓர் எறும்பு மெல்ல ஊர்கிறது. வேண்டாம். இப்போது வேண்டாம். மேலுதட்டை விரலால் அழுத்திக்கொள்கிறேன். ஒன்று வந்தால் நிற்காது, வரிசையாக வரும், இத்தனை பேர் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். எறும்பு நின்றது. யோசிக்கிறது. திரும்பிப் போய்விட்டது.

மாத்திரை போடாமல் இருப்பது இந்த வாரம்தான். கல்யாணமாகி ஈரோட்டிலிருந்து இந்த ஊருக்கு வந்த முதல் ஆனியில் ஆரம்பித்தது, ராத்திரி ஒன்று, சின்ன மஞ்சள் மாத்திரை, மெடிக்கல் ஸ்டோர்காரர் கொடுத்தார், "ஒண்ணு போட்டீங்கன்னா மூக்கு கம்முனு இருக்குமுங்க" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, மூக்கு கம்மென்று இருந்தது. காற்று நின்ற பிறகும் போட்டேன், பனிக்காலத்தில் பனிக்காகப் போட்டேன், சித்திரையில் தூசிக்காக, பிறகு காரணமே கேட்காமல், பல் தேய்ப்பது மாதிரி. தர்ஷிணி வயிற்றில் இருந்தபோது மட்டும் டாக்டரம்மா வேண்டாமென்றார், நிறுத்தினேன், அந்த மாதங்களில் தும்மித் தும்மி இடுப்பு விட்டுப் போயிற்று, பால் குடி மறந்ததும் மறுபடி. யாரும் தப்பாகச் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை, தலைவலிக்கு மாத்திரை கேட்பதுபோல இதையும் கேட்டு வாங்கினேன், கொடுத்தார்கள். போன வாரம் கோயம்புத்தூரில் அந்தப் பெண் டாக்டர், ஷீபா, என் மகளைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும், மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எத்தனை நாளா மேடம்?" என்றாள். சொன்னேன். முகத்தை ஒன்றும் பண்ணிக்கொள்ளவில்லை, அதற்காகவே அவளைப் பிடித்தது. "இது பழைய வகை மருந்து. வேலை செய்யும், ஆனா மூளைக்குள்ளயும் போகும். ராத்திரி போட்டா மறுநாள் பகல்லயும் அதோட மப்பு கொஞ்சம் இருக்கும், உங்களுக்கே தெரியாது. பகல்ல தூக்கம் வருமா? வாய் உலருமா?" வாய் உலர்வது வாத்தியார் வேலையால் என்று நினைத்திருந்தேன். மேஜையில் எப்போதும் தண்ணீர் பாட்டில் வைத்திருப்பேன், நாலு வரி பேசினால் ஒரு வாய். இந்த வாரம் பாட்டில் நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பி வருகிறது. நாக்கு ஈரமாக இருக்கிறது. இத்தனை வருஷம் அடுத்தவர் நாக்கோடு இருந்த மாதிரி.

"இதை நிறுத்திடலாம். கையில ஒரு டெஸ்ட் பண்ணணும், எது உங்களுக்கு ஒத்துக்கலைன்னு பார்க்க. அதுக்கு ஒரு வாரம் இந்த மாதிரி எந்த மாத்திரையும் கூடாது, போட்டா டெஸ்ட் பொய் சொல்லும். மூக்குக்கு ஸ்ப்ரே தர்றேன், அதை அடிச்சுக்கலாம், உப்புத் தண்ணியில மூக்கு கழுவலாம். அப்புறம் வேணும்னா புது வகை மாத்திரை இருக்கு, அதைத் தினமும் போடலாம், தூக்கம் அவ்வளவா வராது. சிலருக்கு அதுலயும் வரும், அதனால முதல்ல ரெண்டு மூணு நாள் வண்டி ஓட்டாம பாருங்க." நான் கேட்க வந்தது அதில்லை. வாட்ஸப்பில் யாரோ அனுப்பியிருந்தார்கள், அலர்ஜி மாத்திரை வருஷக்கணக்கில் போட்டால் ஞாபகம் போய்விடும் என்று. அதைக் கேட்டேன், சிரித்துக்கொண்டே கேட்ட மாதிரி. அவள் சிரிக்கவில்லை. "சில ஆராய்ச்சி அப்படித் தொடர்பு இருக்கலாம்னு சொல்லுது, உறுதியா யாரும் சொல்லலை. உங்களுக்கு இப்ப ஒண்ணும் ஆயிடலை மேடம். ஆனா அதைவிட நல்லது இருக்கறப்ப இதையே ஏன் போடணும்?" சரிதான். ஏன் போடணும். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் பெதப்பம்பட்டி தாண்டும்வரை என் பழைய வகுப்புப் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வந்தன. எல்லாம் வந்தன. பயம் போகவில்லை, ஆனால் பயந்தது பெயர்களுக்காக இல்லை என்று அப்போதுதான் பட்டது.

நடந்துகொண்டே வந்தவள் நின்றுவிட்டேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் தூங்குகிறாள். நாற்பது வயதிருக்கும், நீலச் சேலை, வலது கையில் பேனா பிடித்தபடியே, இடது கையில் கன்னம் வைத்து, கண் மூடியிருக்கிறது. யோசிக்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை. யோசிக்கும் முகத்தில் புருவம் வேலை செய்யும், இந்த முகத்தில் எதுவும் வேலை செய்யவில்லை, கீழுதடு தளர்ந்து தொங்குகிறது. விடைத்தாளில் பேனா முனை ஒரு கோடு இழுத்துக்கொண்டே போய்ப் பக்கத்தின் ஓரத்தில் நின்றிருக்கிறது. அந்தக் கோட்டை நான் அறிவேன். என் மார்க் ஷீட்களில், வருகைப் பதிவில், திருத்திய விடைத்தாள்களில் அந்தக் கோடு இருக்கிறது. மேஜையில் லேசாகத் தட்டினேன். "அம்மா." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், யாரென்று தெரியாமல், எந்த ஊர் என்றும் தெரியாமல், பிறகு எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்து முகம் சிவந்துவிட்டது. "தூங்கிப்போட்டனுங்களா மேடம்?" மூக்கு அடைத்த குரல். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். குனிந்து மெதுவாகக் கேட்டேன், "சளிக்கு ஏதாவது மாத்திரை போட்டீங்களா?" "ராத்திரி ஒண்ணு போட்டனுங்க. காலைல எந்திரிச்சா ஒழுகிட்டே இருந்துச்சு, பேப்பர்ல ஒழுகிருமேன்னு மறுபடி ஒண்ணு. மெடிக்கல்ல சளிக்குன்னு வேறொண்ணும் குடுத்தாங்க, அதையும் போட்டுட்டு வந்தனுங்க." அந்த வேறொன்றுக்குள்ளும் இதே மருந்து இருக்கும், போன வாரம்தான் டாக்டர் சொன்னாள், சளி மாத்திரை அட்டைகளின் பின்பக்கத்தைப் படியுங்கள், ஒரே சாமான் ரெண்டு பெயரில் உள்ளே போகும் என்று. ஆக மூன்று. பாவம். ஹால் டிக்கெட்டில் பெயர் பார்த்தேன், தவமணி. "போய் முகம் கழுவிட்டு வாங்க" என்று வராந்தாவில் இருந்த பியூன் அம்மாவைத் துணைக்கு அனுப்பினேன்.

அவள் போன இடைவெளியில் அவளுடைய தாளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இரண்டு பக்கம் நல்ல எழுத்து, அழுத்தமான, பால்வாடிச் சுவரில் அ ஆ எழுதிப் பழகிய மாதிரி உருண்ட எழுத்து, மூன்றாவது பக்கத்தில் எழுத்துகள் சரிய ஆரம்பித்து, பிறகு அந்தக் கோடு. திரும்பி வந்தபோது முகத்தில் தண்ணீர் சொட்டியது. உட்காரும்போது யாருக்கும் கேட்காமல் சொன்னாள், "அங்கன்வாடில இருக்கறனுங்க. இது ஒண்ணுதான் பாக்கி. பழைய சிலபஸுக்கு இதுதான் கடைசின்னு போட்டிருக்காங்க. பட்டம் இருந்தா சூப்பர்வைசருக்கு எழுதலாமுங்க." "எழுதுங்க. நான் இருக்கேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கண்காணிப்பாளர் சொல்லும் வார்த்தை இல்லை அது.

நான் இருக்கேன். வீட்டில் எந்த நாளும் நான் சொன்ன வார்த்தையும் இல்லை. நான் இருந்தேன், அது வேறு. கல்லூரி விட்டு வந்து, சமையல் முடித்து, ஹாலில் சோபாவில் உட்கார்ந்தால் தலை பின்னால் போய்விடும். இவர் பம்ப்செட் கடை பூட்டி வந்து டிவி சத்தத்தைக் குறைப்பார், கேட்காமலே, வருஷங்களாக. இந்த வாரம் நான் விழித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், இவர் இன்னும் சத்தத்தைக் குறைக்கிறார், பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "ஓ, நீ முழிச்சிருக்கயா" என்று சத்தத்தைக் கூட்டுகிறார். சிரிப்பாகத்தான் இருந்தது. அந்தச் சிரிப்புக்கு அடியில்தான் அது இருக்கிறது. தர்ஷிணிக்குப் பன்னிரண்டு வயது, ஒரு சனிக்கிழமை மத்தியானம், நான் உள் அறையில் படுத்திருக்கிறேன், யாரோ தோளைப் பிடித்து உலுக்குகிறார்கள், பக்கத்து வீட்டு ருக்மணியக்கா. "ஏனுங் சாந்தாமணி, புள்ள பெரியவளாயி எங்கூட்டுல வந்து நிக்கறா, நீங்க என்ன இப்படித் தூங்கறீங்க." எழுந்து ஓடினேன், தலை கனத்தது, வாசற்படியில் கால் இடறியது, அவர்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை ஓரம் தர்ஷிணி நின்றிருந்தாள், பள்ளிக்கூடத்துப் பழைய ஸ்கர்ட்டில், அழவில்லை. "ஏன் கண்ணு என்னை எழுப்பலை?" என்றதற்கு, "எழுப்பினேன்மா, நீ 'ம்'னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்ட" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள். பிறகு சீர், சொந்தபந்தம், பச்சை ஓலை, போட்டோ, எல்லாம் நடந்தது, அந்த ஆல்பத்தில் நான் எல்லாப் படத்திலும் சிரிக்கிறேன். ஆனால் அவள் முதலில் சொன்னது என்னிடம் இல்லை. சொன்னாள், நான் 'ம்' என்றேன். அந்த 'ம்' எனக்கு ஞாபகமில்லை. எத்தனை முறை தேடியும் அது கிடைக்கவில்லை. என் வாயிலிருந்து வந்த ஒரு சத்தம் அவளிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை.

அதற்கப்புறம் அவள் எதையும் என்னிடம் கொண்டு வருவதில்லை. கோபமாக இல்லை, சண்டை இல்லை, நல்ல பெண், மார்க் வாங்கினாள், புனேயில் வேலை வாங்கினாள், வாரா வாரம் பேசுகிறாள். எல்லாம் முடிந்த பிறகு தகவலாகச் சொல்வாள். காய்ச்சல் வந்து போன பிறகு, வீடு மாறிய பிறகு. நான் அதை அவள் சுபாவம் என்று வைத்துக்கொண்டேன், அப்பாவைப் போல. போன வாரம் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று போனில் சொன்னேன், இந்த மாதிரி, பழைய மாத்திரையாம், பகலிலும் மப்பு இருக்குமாம், நிறுத்தச் சொல்லிவிட்டாள் என்று. லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பிறகு கேட்டாள். "அப்ப அது மாத்திரையாம்மா?" அவ்வளவுதான். நான் பதில் சொல்வதற்குள் கடையிலிருந்து இவர் வந்து கேட் தட்ட, "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். அது. அது என்றால் எது என்று நான் கேட்கவேண்டியதில்லை. அன்றிலிருந்து அந்த ஒரு வரி பின்னாலேயே வருகிறது, இந்த ஹாலில் வரிசைக்கு வரிசை என்னோடு திரும்புகிறது. அப்ப அது மாத்திரையாம்மா. ஆமாம் என்றால், அத்தனை வருஷமும் ஒரு சின்ன மஞ்சள் வில்லைக்குக் கொடுத்துவிட்டேன், கேட்டிருந்தால், ஒரே ஒரு முறை யாரையாவது கேட்டிருந்தால் போதும். இல்லை என்றால் நான்தான், நானே அப்படித்தான், மாத்திரை இல்லாவிட்டாலும் 'ம்' சொல்லித் திரும்பிப் படுத்திருப்பேன். ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அந்த ஆசையே சந்தேகமாக இருக்கிறது. மாத்திரையைக் குற்றம் சொல்வது எத்தனை சுலபம், அது பதில் பேசாது.

தவமணி மறுபடி சரிகிறாள். கழுத்து ஒரு பக்கமாக, பூவைப் பறித்துப் போட்ட மாதிரி. தட்டினேன். எழுந்தாள், எழுதினாள், நாலு வரி. நான் இன்னொரு வரிசை போய்விட்டு வருவதற்குள் பேனா நின்றிருக்கிறது. இனி தூரம் போவதில்லை என்று முடிவு செய்து அவள் மேஜைக்குப் பக்கத்துத் தூணோரம் நின்றுகொண்டேன். கண் செருகும்போது மேஜை ஓரத்தில் விரலால் ஒரு தட்டு. அவள் நிமிர்ந்து பார்க்கமாட்டாள், எழுதத் தொடங்கிவிடுவாள். இது எங்களுக்குள் ஏற்பாடாகிவிட்டது. பின்னாலிருந்து நரைத்த மீசைக்காரர், "மேடம்" என்றார், "அந்தம்மாவை எழுப்பிட்டே இருக்கறீங்க. டக்கு டக்குன்னு எனக்குத் தொந்தரவா இருக்குதுங்க. தூங்கறவங்க தூங்கட்டும், அது அவங்க பாடு." நியாயம்தான். எந்த விதியிலும் கண்காணிப்பாளர் எழுப்பவேண்டும் என்று இல்லை. "மன்னிச்சுக்குங்க" என்றேன், அவர் பேனாவை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தட்டவில்லை. தோளைத் தொட்டேன். சேலைக்கு மேலே, ஒரு விரல். தொட்டவுடன் அந்தத் தோள் நடுங்கி நிமிரும். யாராவது எழுப்பினால் விழித்துக்கொள்கிற தூக்கம்தான் இது, அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எழுப்பினால் விழிக்கலாம். நான் ஏன் விழிக்கவில்லை? நான் போட்டது ஒன்று, இவள் மூன்று. இவளுக்குப் பரீட்சை, கடைசி வாய்ப்பு, உள்ளே ஒருத்தி எழுந்திரு எழுந்திரு என்று கத்திக்கொண்டிருக்கிறாள். எனக்கு அன்று சனிக்கிழமை மத்தியானம். எதுவும் நடக்கப்போவதில்லை என்று நினைத்துப் படுத்தவள். அவ்வளவுதானோ? அப்படியென்றால் பாதி மாத்திரை, பாதி சனிக்கிழமை. கணக்கு ஒருபக்கமாகவும் சாயவில்லை.

காற்று ஒரு வீச்சு வீசி விடைத்தாள்களைப் புரட்டியது, எல்லாரும் ஒரே சமயத்தில் கையால் அமுக்கினார்கள். தவமணி அடிஷனல் ஷீட் கேட்டாள். கொடுத்தேன். கொடுக்கும்போது ஒரு சந்தோஷம் வந்தது எனக்கு, சின்னதாக, வெட்கமில்லாமல். என் மாணவிகள் யாருக்கும் ஷீட் கொடுத்து இப்படி இருந்ததில்லை, கொடுத்திருக்கலாம், நான் கவனித்திருக்க மாட்டேன். நூல் வாங்கிக் கட்டும்போது அவள் விரல்கள் முடிச்சுப் போடத் தெரியாமல் தடுமாறின. கட்டிக்கொடுத்தேன். அதுவும் விதியில் இல்லை.

கடைசி மணி அடித்து, தாள்களை வாங்கி வரிசைப்படுத்தி, சீஃபிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது ஹால் வாசலில் அவள் நின்றிருந்தாள், கையில் மொபெட் சாவி. "பாஸ் ஆயிருவனுங்க மேடம்" என்றாள், "எல்லாத்துக்கும் எழுதிப்போட்டேன். கடைசிக் கேள்விக்கு என்ன எழுதுனேன்னு மட்டும் தெரியலீங்க." கண்ணின் வெள்ளையெல்லாம் சிவப்பு. "எந்த ஊருக்குப் போகணும்?" "தளிப் பக்கமுங்க." அணைக்குப் போகும் சாலை, லாரிகள், இந்தக் காற்று, மொபெட்டைப் பக்கவாட்டில் அரையடி தள்ளும். "இப்ப ஓட்டாதீங்க" என்றேன். "அட, இதா, அரை மணி நேரத்துல போயிரலாமுங்க, பழகுன ரோடு." "பழகின ரோட்லதாங்க கண்ணு மூடும். வூட்டுக்காரர்?" "லாரில போயிருக்காருங்க, பாலக்காட்டுக்கு." சாவியைக் கேட்டுக் கையை நீட்டினேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள், சின்னப் பிள்ளைகளிடமிருந்து கூர்மையான சாமானை வாங்குகிறவள் அவள், அவளிடமிருந்து ஒருவர் வாங்குவது புதிதாக இருந்திருக்கும். கொடுத்துவிட்டாள். பெண்கள் ஓய்வறையில் பெஞ்ச் இருக்கிறது, மின்விசிறி போட்டேன், பையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள், படுத்ததும் போய்விட்டாள். வீட்டுக்குப் போன் பண்ணி, "மத்தியானம் வர நேரமாகும், நீங்க சாப்பிடுங்க" என்றேன். இவர், "தூக்கம் வருதா?" என்றார். "இல்லீங்க. வேறொருத்தருக்குத் தூக்கம் வருது" என்றேன்.

எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். தூங்கும் பெண்ணை இவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறி இறங்குகிறது. ஒரு கால் விரல் அசைகிறது. இவளைத் தெரியாத யாராவது உள்ளே வந்தால் என்ன நினைப்பார்கள், பட்டப்பகலில் வந்து படுத்திருக்கிறாள் என்று நினைப்பார்கள். அவள் காலையில் யாருக்கெல்லாம் சோறாக்கி வைத்துவிட்டு வந்தாளோ. என்னையும் ஒருத்தி கட்டிலோரம் நின்று இப்படிப் பார்த்திருப்பாள், ஸ்கர்ட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு, எழுப்பலாமா வேண்டாமா என்று. அவளுக்கு என்ன தெரிந்திருக்கும்? அம்மாவின் வாய் திறந்திருப்பது தெரிந்திருக்கும். உள்ளே அம்மா இல்லை என்று நினைத்திருப்பாள். அப்போது தவமணி திடீரென்று கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்து, தெளிவான குரலில் கேட்டாள், "யாராச்சும் கூப்புட்டாங்களா?" இல்லையென்றேன். "புள்ளைக கூப்புட்ட மாதிரி இருந்துச்சுங்க" என்றவள் ஒரு பக்கமாகத் திரும்பி, மறுபடி உள்ளே போய்விட்டாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அத்தனை மருந்துக்கு அடியிலும் ஒரு காது இவளுக்குத் திறந்தே கிடக்கிறது. எனக்கும் கிடந்திருக்கும். அதனால்தான் 'ம்' என்றிருக்கிறேன். கேட்டிருக்கிறது. ஏறி வர முடியவில்லை.

வராந்தாவுக்கு வந்து கதவைச் சாத்தினேன். தர்ஷிணிக்குப் போட்டேன். ரொம்ப நேரம் அடித்துதான் எடுத்தாள், குரல் கம்மியிருந்தது. "என்னம்மா, இந்நேரத்துக்கு? நீ படுத்திருப்பியே." "இல்ல, காலேஜ்ல இருக்கேன். நீ அன்னிக்குக் கேட்டியே, அதுக்கு நான் பதில் சொல்லலை." "என்ன கேட்டேன்?" "மாத்திரையாம்மான்னு." அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன், "எனக்கே சரியாத் தெரியலை கண்ணு, பாதி அதுவாவும் இருக்கலாம், ஆனா அன்னிக்கு நீ என்னை எழுப்பினது..." "ஐயோ அம்மா, நான் அதுக்குக் கேக்கல." குரல் விழித்துக்கொண்டது. "எனக்குக் கேட்டேன்." "உனக்கா?" "இங்க வந்ததிலேர்ந்து காலைல எந்திரிச்சா தும்மல்மா. ரூம்மேட் ஒரு மாத்திரை குடுத்தா. நல்லா நின்னுச்சு. தினமும் போடறேன். ஒரு வருஷத்துக்கு மேல. இப்ப ஞாயித்துக்கிழமை பூரா தூங்கறேன். ஆபீஸ்ல மீட்டிங்ல என் பேரைச் சொன்னாக்கூட ரெண்டாவது தடவைதான் கேக்குது. எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன், யார்கிட்டயும் சொல்லல. நீ டாக்டர் சொன்னதைச் சொன்னப்ப அப்படியே ஆடிப்போயிட்டேன்."

மைதானத்தில் மண் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி அடங்கியது. தூண் சில்லென்று இருந்தது, அதில் சாய்ந்துகொண்டேன். ஒரு வாரமாக நான் நின்ற கூண்டில் என்னை நிறுத்தியது அவள் இல்லை. அவள் வேறொரு அறையில், வேறொரு ஊரில், தனியாகப் பயந்துகொண்டிருந்தாள், என் மூக்கோடு. "அட்டையைத் திருப்பிப் பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு படி" என்றேன். எங்கோ பை துழாவும் சத்தம். தடுக்கித் தடுக்கிப் படித்தாள். அதேதான். நிறம் கூட மஞ்சள்தானாம். "வண்டி ஓட்டறியா?" "ஸ்கூட்டர்ல தான்மா ஆபீஸ் போறேன்." "நாளைக்குப் பஸ்ல போ. ஒரு டாக்டரைப் பாரு, மூக்கு டாக்டர். தினமும் போடறதுக்குன்னு வேற மாத்திரை இருக்கு, உனக்கு எது சரின்னு அவங்க சொல்லட்டும். நீயா மெடிக்கல்ல வாங்காத, ஒண்ணுக்கு ரெண்டாப் போடாத." "போடாட்டி தும்மல் வருமேம்மா." "வரும். எனக்கும் வருது. மூக்கைக் கழுவு, சொல்லித் தர்றேன்." "இப்பவா?" "இப்பதான். எனக்கு ஒண்ணும் வேலையில்ல." அவள் அடுப்பில் தண்ணீர் வைப்பது கேட்டது. கொதித்து ஆற நேரமாகும் என்றேன். சரி என்றாள், வைக்கவில்லை போனை. தண்ணீர் சூடாகும்வரை அவளுடைய மேனேஜரைப் பற்றி, மாடி வீட்டுக்காரியின் நாயைப் பற்றி, முடி கொட்டுவதைப் பற்றி, முன்னுக்குப் பின் இல்லாமல் பேசிக்கொண்டே போனாள், நான் 'ம்' என்றேன், பிறகு 'ம்' என்பதை விட்டுவிட்டு, "அப்புறம்?" என்று கேட்டேன்.